இரவு வயலில் வெளிச்சம் தெரிந்தால்...

நிந்தவூரின் மேற்கே பரந்துள்ள வயல்வெளிகளில் வேளாண்மை விளைந்து வரும் காலத்தில் இரவுக் காவல் தவிர்க்க முடியாதது. பரணில் இருப்பவரின் கண்ணுக்குத் தொலைவில் அசையும் வெளிச்சம் தென்படுவதுண்டு. அது தண்ணீர் பார்க்கச் செல்லும் அயல் விவசாயியின் மின்சூளாக இருக்கலாம். களவாக வேட்டையாட வந்தோரின் ஒளியாகவும் இருக்கலாம். அவ்வேளையில் காணிக்காரர் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மான், மரை போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. வெளிச்சம் பட்டதும் கண்கள் மின்னுகின்றன. கண்கூசிய விலங்கு அசையாது நின்றுவிடுகின்றது. வேட்டைக்காரர் குறிபார்ப்பது அந்த மின்னலையே. ஆனால் பட்டிமாட்டின் கண்ணும் அவ்வாறே மின்னும். மனிதக் கண்ணிலோ அப்படலம் இல்லை. ஆகவே குறிக்கு அப்பால் வாடியில் உறங்கும் மனிதர் இருளில் புலப்படாமலே போகலாம். இவ்வேட்டையினால் விலங்குகளோடு மனிதருக்கும் ஆபத்து நேருவது இதனாலேயே.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மான், மரை முதலியவற்றை வேட்டையாடுவதைத் தடை செய்கின்றது. தனியார் காணி என்பதாலோ, காணிக்காரர் சம்மதித்தார் என்பதாலோ அது குற்றமற்றதாகிவிடாது.

அதற்காகக் காணிக்காரர் தாமே துவக்கைத் தூக்குவதும், கட்டுத்துவக்கு வைப்பதும் கூடாது. கட்டுத்துவக்கு ஆளறிந்து சுடுவதில்லை. வரம்பில் முதலில் கால்வைப்பவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். தற்காப்புரிமையை ஏற்கும் தண்டனைச் சட்டக் கோவையும், தேவைக்கு மேற்பட்ட தீங்கு விளைவிக்க எவரையும் அனுமதிப்பதில்லை. இருளில் ஆயுதத்தோடு நிற்பவரைத் தனியே நெருங்குவதும், வழிமறிப்பதும் உயிராபத்தானவை.

செய்யத்தக்கது இதுவே: வெளிச்சத்துக்கு நேராக நில்லாது பாதுகாப்பான இடத்துக்கு ஒதுங்க வேண்டும். நேரம், இடம், சென்ற திசை, வெடியோசைகளின் எண்ணிக்கை, இயலுமாயின் வாகன இலக்கம் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 119 மூலம் பொலிஸாருக்கோ, 1992 மூலம் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ உடனே அறிவிக்க வேண்டும். விடிந்தபின் தோட்டாக் கோதுகளையோ, இரத்தக் கறையையோ கண்டால் தொடாது காட்டிக்கொடுக்க வேண்டும். ஊகத்தின் பேரில் ஒருவரின் பெயரை ஊரெங்கும் பரப்புவது அநீதியாகும்.

முறைப்பாட்டினால் என்ன பயன் என்று கேட்போருக்கு இந்தியாவின் இராஜஸ்தானில் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்டுகின்றோம். 1998 ஒக்டோபரில் ஜோத்பூருக்கு அருகேயுள்ள கங்காணி கிராமத்தில் இரவில் வெடியோசை கேட்டது. அங்கு வாழும் பிஷ்னோய் சமூகத்தவர் தாம் கண்டதைச் சாட்சியமாக அளித்தனர். பல ஆண்டுகளாகியும் அதில் உறுதியாக நின்றனர். வெளிமான்களைக் கொன்ற குற்றத்துக்காக நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரலில் நீதிமன்றம் 5 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் பிணையில் வெளிவந்து மேன்முறையீடு செய்தார். எனினும், புகழ்மிக்க ஒருவரை நீதிமன்றில் நிறுத்தியது எளிய கிராமத்தவரின் சாட்சியமே என்பது குறிப்பிடத்தக்கது.

இறுதியாக ஒன்று. இரகசியமாக வரும் மான் இறைச்சியை வாங்க ஆளிருக்கும் வரை வயலோரத்தில் அந்த வெளிச்சமும் இருக்கும். அதனை அணைப்பதில் காவற்காரருக்குள்ள பொறுப்பு, சமையலறைக்கும் உண்டு என்பதைத் தமிழ், முஸ்லிம் மக்கள் யாவரும் உணர வேண்டும்.