சுண்ணாம்புப் பூச்சும் சட்டத்தின் கண்ணும்

வீட்டிலோ தோட்டத்திலோ உண்டாக்கிய பானத்தை, அது விளைந்த பாத்திரத்திலிருந்தே முகந்து விருந்தினருக்குக் கொடுப்பது மனித சமூகத்தின் மிகப் பழைய உபசாரங்களில் ஒன்று. இவ்வழக்கத்தைப் பற்றி இங்கிலாந்தின் சட்டம் ஒரு முடிவுக்கும் நம் நாட்டுச் சட்டம் வேறொரு முடிவுக்கும் வந்திருக்கின்றன. அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, பனையும் தென்னையும் வளரும் வெள்ளகோவில் வட்டாரத்து ஜனங்களுக்கு வீண் வேலையாகாது.

இங்கிலாந்தில் முளைகட்டிய பார்லியின் சாற்றைக் காய்ச்சி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்து, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக் கலந்து புளிக்க வைக்கிறார்கள். பின்னர் அதைப் பீப்பாயில் அடைக்கிறார்கள். அடைத்த பிறகும் அந்நுண்ணுயிர் சாவதில்லை. உள்ளே மெல்ல வேலை செய்துகொண்டேயிருக்கும். வெளியிலிருந்து வாயுவை ஏற்றாமல், சுட வைத்து உயிரைப் போக்காமல், குழாயைத் திறந்து அப்படியே ஊற்றப்படுவதையே ‘ரியல் ஏல்’ என்கிறார்கள். பீப்பாயைத் திறந்து காற்றுப் புகுந்துவிட்டால் சுமார் மூன்று தினங்களுக்குள் குடித்துத் தீர்க்க வேண்டும். இல்லையேல் சுவை கெட்டுவிடும். ஆகவே அது பதுக்கி வைத்துத் தனியே குடிப்பதற்கு ஏற்றதன்று. நாலு பேர் கூடியிருக்கும்போது திறப்பதற்கே உரியது. பெரிய ஆலைகளின் உயிரற்ற பானம் அதை விழுங்கிவிடுமோ என்று அஞ்சி, அந்நாட்டுப் பிரஜைகள் 1971இல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். வீட்டில் காய்ச்சுவதற்கு லைசென்ஸ் வேண்டும் என்ற பழைய விதியை அதற்கு முன்பே, 1963இல், அந்நாட்டு சர்க்கார் நீக்கிவிட்டது. வீட்டாரும் விருந்தினரும் அருந்தலாம். விற்பனை மட்டும் கூடாது. இது அவர்களுடைய ஏற்பாடு.

இனி நம் மரத்தடிக்கு வருவோம். பனைத் தொழிலாளி காலையும் மாலையும் மரமேறிப் பாளையை இடுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டுகிறார். சொட்டுச் சொட்டாக இறங்கும் சாறு முதலில் வெறும் இனிப்பு நீரே. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள், யாரும் சேர்க்காமலே அதில் குடியேறிச் சில மணி நேரத்தில் புளிக்க வைத்துவிடுகின்றன. அதைத் தடுப்பதற்காகவே கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுகிறார்கள். சுண்ணாம்பு பூசிய கலயத்தில் இறங்குவது பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. பூசாத கலயத்தில் இறங்குவது கள். அதை மறுநாள் வரை வைத்தால் புளிப்பேறிக் காடியாகும் வழியில் போய்விடும். மரம் ஒன்று, பாளை ஒன்று, உழைப்பும் ஒன்று. ஒருவர் உபசாரம் செய்தவராவதும் குற்றவாளியாவதும் ஒரு மெல்லிய சுண்ணாம்புப் பூச்சைப் பொறுத்திருக்கிறது.

இவ்வளவு நுட்பமான வேற்றுமையைக் கண்டுபிடிக்கக் கூடிய சட்டத்தின் கண், எதிரே மலைபோல் நிற்கும் ஒன்றைக் காணாமலிருப்பதுதான் நமது முறையீடு. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் முற்றிலும் தடுக்கப்பட்டன. 2003 நவம்பர் முதலோ, புட்டியில் அடைத்த சாராய வகைகளைச் சில்லறையாக விற்கும் ஏகபோக உரிமையை சர்க்காரின் டாஸ்மாக் ஸ்தாபனமே ஏற்றுக்கொண்டது. அன்றிறக்கிய கள்ளில் சாராயச் சத்து சாதாரணமாக நூற்றுக்கு நாலைந்து பங்கு. புட்டி பிராந்தியிலோ 42.8 பங்கு. ‘குவார்ட்டர்’ என்று சொல்லப்படும் 180 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் அடங்கிய சாராயம், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கள்ளில் உள்ளதற்குச் சமம். விசைத்தறியிலும் நூற்பாலையிலும் வாரமெல்லாம் உழைத்த தொழிலாளியின் கூலி எந்தப் பாத்திரத்தில் கரைகிறது என்பதை வெள்ளகோவில் தாய்மார்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

‘மதுவிலக்குக்காகப் போராடிய தேசத்தில் கள்ளுக்குப் பரிந்து பேசலாமா?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. இந்தக் கொங்கு நாட்டில்தான், 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் ஈ.வெ. ராமசாமி அவர்களின் துணைவியார் நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் முன்னின்றார்கள். அவர் தம்முடைய தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். பக்கத்துச் சேலம் ஜில்லாவில் 1937 அக்டோபர் 1இல் ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கைத் தொடங்கியது. அத்தியாகங்களை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அன்று மறியல் செய்தவர்கள் எதிர்த்தது எதை? 1886ஆம் வருஷத்துச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ், மரத்துக்கு வரி விதித்து, கடையை ஏலம் போட்டு, ஏழையின் குடியை கஜானாவின் வருமானமாக்கிய முறையையும் சேர்த்தே எதிர்த்தார்கள். ஏலம் எடுத்தவன் போட்ட பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் ஊரைக் குடிக்க வைத்தே தீர வேண்டும். குடியால் கஜானா நிரம்பும் அந்த முறை ஒழிந்துவிட்டதா? பாத்திரம் மாறிற்று, கலயத்துக்குப் பதில் புட்டி வந்தது. அவ்வளவே. மதுபானங்களை விலக்க அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47ஆவது விதி கூறுகிறது. அவ்விதி கலயத்துக்கு ஒரு நீதி, புட்டிக்கு ஒரு நீதி என்று வகுக்கவில்லை.

மற்றோர் ஆட்சேபமும் உண்டு; அது இன்னும் வலிமையானது. கள்ளில் குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்துகளைக் கலந்து விற்ற கொடுமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கலப்படம் எங்கே பிறக்கிறது? மரத்துக்கும் குடிப்பவனுக்கும் இடையே லாரியும் கிடங்கும் இடைத்தரகனும் புகும்போது பிறக்கிறது. அன்றன்றைக்கே கெட்டுவிடும் பானத்தை வெகுதூரம் கொண்டுபோய் விற்க முற்பட்டால் தண்ணீரும் மருந்தும் சேர்க்கும் ஆசை தானாக வரும். எந்த மரத்தில், யார் கையால், எந்தக் காலையில் இறங்கியது என்பது ஊருக்கே தெரிந்திருக்குமானால் வஞ்சகத்துக்கு இடம் குறைவு. இங்கிலாந்து தன் சட்டத்தில் விற்பனையை மட்டும் விலக்கி விருந்தை விட்டுவைத்ததன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

ஆகவே கள்ளுக்கடையைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் நடக்கின்றன. அந்த வழியைப் பின்பற்றுவதும் விடுவதும் வேறு விவாதம். நாம் கேட்பது சிறியது. மரத்துக்குரியவரும் ஏறுகிறவரும் தங்கள் தோட்டத்தில், அளவுக்குட்பட்டு, அன்றைக்கு இறக்கியதை அன்றைக்கே, விலையின்றி அருந்துவதையும் விருந்தினருக்கு அளிப்பதையும் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஏலம் வேண்டாம், கடை வேண்டாம், ஊரெல்லை தாண்டும் வண்டியும் வேண்டாம். இதுவும் கூடாதென்றால், அதே நியாயத்தின் பேரில் புட்டிக் கடைகளை மூடும் நாளை சர்க்கார் குறித்துச் சொல்லட்டும். இரண்டில் எதுவானாலும் அது ஒரு நீதியாயிருக்கும். இப்போதிருப்பது நீதியன்று.

இதில் மரத்தின் கதியும் அடங்கியிருக்கிறது. பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்டுவதற்கு ஜில்லா கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் சர்க்கார் அறிவித்தது. நல்ல காரியமே. ஆயினும் வெட்டத் தடை விதித்துவிட்டு, ஏறுவதற்கு அஞ்ச வைத்தால் அம்மரத்தால் குடியானவனுக்கு என்ன பயன்? பயனற்ற மரம் செங்கற் சூளைக்கு விறகாகும் நாளையே எதிர்நோக்கி நிற்கும். மழை குறைந்த வெள்ளகோவில் மேட்டுநிலத்தில் நீர் பாய்ச்சாமல் நிற்கக் கூடிய மரம் பனை. கரும்பு நல்ல நஞ்சை நிலத்தையும் பாசன நீரையும் விழுங்குகிறது, பனையோ தரிசில் வளர்ந்து வெல்லம் தருகிறது என்பதைக் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா பல காலம் வற்புறுத்தினார். தென்னையிலிருந்து புளிக்காத நீரா இறக்குவதற்கு இடங்கொடுப்பதாக 2017இல் சர்க்கார் அறிவித்ததும் இத்திசையில் வைத்த ஓர் அடியே.

சட்டம் மாறும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பதநீர் குற்றமன்று. மாசி முதல் ஆனி வரை நடக்கும் கலியாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசலில் வண்ணச் சோடாப் புட்டிகளை அடுக்குகிறோம். அவ்விடத்தில் ஒரு பானைப் பதநீரை வைத்து, பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? விலை மரமேறியவர் கைக்கு நேரே போய்ச் சேரும்; அவர் மகனும் தொழிலை விட்டுவிடாமல் மரத்தை நிமிர்ந்து பார்ப்பான். வெள்ளகோவில் செல்வர்களும் ஆலை முதலாளிகளும் தங்கள் வீட்டு விசேஷங்களில் இதைத் தொடங்கிவைப்பார்களாக. மரம் ஏறுவதற்கு ஆள் இருந்தால்தான், நாளை சட்டம் திருந்தும்போது அதனால் பயனடைவதற்கும் ஆள் இருப்பார்கள்.