வெப்சைட் ஆரம்பிச்சாச்சு.. காசு எப்போ வரும்? முதல் வருடம் ஏன் காலியாகவே ஓடுகிறது?

'வீட்டில் இருந்தபடியே வெப்சைட் மூலம் மாதம் 50 ஆயிரம்' என்ற ரக விளம்பரங்கள் செல்போனில் அடிக்கடி கண்ணில் படும். அதை நம்பி டொமைன் வாங்கி, பத்து கட்டுரை எழுதிப் போட்டு, மூன்றாவது மாதம் கணக்கைத் திறந்தால் ஒரு டாலர்கூட இருக்காது. பலர் அங்கேயே கடையைச் சாத்திவிடுகிறார்கள். சிலர் அதற்கு முன்பே பார்த்த வேலையையும் விட்டிருப்பார்கள். சிக்கல் பெரிதாவது அங்கேதான்.

உண்மையிலேயே நாலு பேருக்கு உபயோகப்படும் தளம்கூட வருமானம் கொடுக்க ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது? கொஞ்சம் கணக்கு போட்டால் புரியும்.

100 டாலர் கணக்கு

சின்னத் தளங்கள் பலவும் விளம்பரத்துக்கு நம்பியிருப்பது கூகுளின் ஆட்சென்ஸ் சேவையைத்தான். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். சேராவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பார்வைக்கு 1 டாலர் என்று வைத்துக்கொள்வோம். (தலைப்பையும், படிப்பவர் இருக்கும் நாட்டையும் பொறுத்து இது ஏறும், இறங்கும்.) அப்படியானால் 100 டாலருக்கு 1 லட்சம் பார்வை வேண்டும். தினமும் 50 பேர் வந்து ஆளுக்கு ஒரு பக்கம் படித்தால் இதற்கு 2,000 நாள், அதாவது சுமார் ஐந்தரை வருடம் ஆகும். அதே தளத்துக்கு தினமும் 1,000 பேர் வந்தால் 100 நாளில் முடிந்துவிடும்.

50 பேர் வரும் கட்டத்தில் விளம்பரம் போட்டால் நாளுக்குக் கிடைப்பது 5 சென்ட். ஒரு டீக்குக்கூட காணாது. அதற்காகப் பக்கம் முழுக்க விளம்பரத்தை அடைத்தால், தளம் மெதுவாகத் திறக்கும், வந்த 50 பேரில் பாதிப் பேர் எரிச்சலாகித் திரும்பிவிடுவார்கள். முதல் சில மாதங்கள் விளம்பரமே வேண்டாம் என்று சொல்வது தியாகம் செய்யச் சொல்லி அல்ல. இழப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

காலியான மாதங்களில் என்ன நடக்கிறது?

புதுப் பக்கத்தைப் போட்ட உடனே கூகுள் அதைக் காட்டிவிடாது. முதலில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், படிக்க வேண்டும், பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்ப்போம் என்று அது உத்தரவாதமும் தருவதில்லை. செய்யும் மாற்றங்களுக்குப் பலன் தெரிய சில மணி நேரமும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம் என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்கிறது.

இந்தக் காலத்தில் பார்க்க வேண்டியது வருமானப் பக்கத்தை அல்ல, சர்ச் கன்சோலை. இது கூகுள் தரும் இலவசக் கருவி. உங்கள் பக்கம் தேடலில் எத்தனை முறை தென்பட்டது, எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள், என்ன தட்டச்சு செய்து வந்தார்கள் என எல்லாம் இதில் தெரியும்.

உதாரணத்துக்கு, பட்டா மாறுதல் பற்றி ஒருவர் எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். முதல் மாதம் எட்டே க்ளிக். ஆனால் தேடிய சொற்களைப் பார்த்தால், பலரும் கேட்டிருப்பது 'கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக மாற்றுவது எப்படி' என்று. அதையும் தங்கிலீஷில் அடித்திருக்கிறார்கள்! அடுத்து எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அந்தக் கேள்விக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், விண்ணப்பம் எங்கே தேங்கும், நிராகரித்தால் என்ன செய்வது என்று முழுசாகப் பதில் எழுதினால், அந்தப் பக்கத்துக்குத் தனி ஆயுள் உண்டு. பொறுமை என்பது இந்த வேலைதான். சும்மா உட்கார்ந்து காத்திருப்பதற்குப் பெயர் வேறு.

வேலையை விடாமல் தொடங்கியவர்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1995-ல் கிரெய்க் நியூமார்க் என்ற மென்பொருள் நிரலாளர், ஊரில் நடக்கும் நிகழ்ச்சிகளைத் தொகுத்து நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் கிரெய்க்ஸ்லிஸ்ட் இணையதளம். வீடு வாடகை, வேலை, பழைய பொருள் என மக்கள் தாங்களாகவே விளம்பரங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அது முறையான நிறுவனமானது 1999-ல். அதுவரை அவருக்குச் சோறு போட்டது நிரல் எழுதும் வேலை. கட்டணம் வந்தபோதும் எல்லோரிடமும் வாங்கவில்லை. வேலைக்கு ஆள் தேடும் நிறுவனங்கள் போன்ற சிலரிடம் மட்டும்தான்.

1998-ல் தொடங்கிய கூகுளும் தன் ஆட்வேர்ட்ஸ் விளம்பரச் சேவையை 2000 அக்டோபரில்தான் கொண்டுவந்தது. ஆனால் அவர்களுக்கு முதலீட்டாளர் பணம் இருந்தது. நம்மூரில் தனியாகத் தளம் நடத்துபவருக்கு முதலீட்டாளர் அவருடைய மாதச் சம்பளம்தான். கடன் வாங்கித் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் வட்டி வந்து கதவைத் தட்டும், தளமோ அந்த வேகத்தில் வளராது.

தமிழில் எழுதியவர்களின் காத்திருப்பு இன்னும் நீளம். ஆட்சென்ஸ் 2003-ல் வந்தது, இந்திக்கு 2014-ல் அனுமதி கிடைத்தது, தமிழுக்கு 2018 பிப்ரவரியில்தான்!

எதுவரை பொறுப்பது?

ஒரு வருடம் தொடர்ந்து எழுதியும் சர்ச் கன்சோலில் தென்படும் எண்ணிக்கையே ஏறவில்லை என்றால், அது பொறுமைக் குறைவு அல்ல. தலைப்பில் கோளாறு, அல்லது ஏற்கெனவே நூறு தளங்கள் சொன்னதையே திரும்பச் சொல்கிறீர்கள். தவிர, ஒற்றை வரியில் பதில் முடிந்துவிடும் கேள்விகளுக்கு இப்போது ஏஐ தேடல் பக்கத்திலேயே விடை சொல்லிவிடுகிறது. அந்த மாதிரிப் பக்கங்களை நம்பிப் புதிதாக இறங்குவது ரிஸ்க்.

அவசரத்தில் சொந்த விளம்பரத்தைத் தானே க்ளிக் செய்வது, நண்பர்களை விட்டு அமுக்கச் சொல்வது போன்றவை கணக்கையே முடக்கிவிடும்.

எல்லாம் சரியாகப் போய் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க கூகுளிடம் இருந்து பின் எண்ணுடன் தபால் வரும். வந்து சேர சில வாரங்கள் ஆகலாம். முதல் பின் எண் அனுப்பிய நாளில் இருந்து நான்கு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும் என்பதால், கதவு எண்ணையும் பின்கோடையும் தொடக்கத்திலேயே சரியாகக் கொடுத்துவிடுவது நல்லது.