பொது இணைய இணைப்பும் முறைப் பாசனமும்

பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கம் போன்ற ஏரியுள்ள ஊர்களில், நீரைப் பங்கிடும் முறையை உழவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கால்வாயில் ஒருவர் மட்டும் மடை திறந்தால் நீர் முழுதும் அவர் வயலுக்கே பாயும். யாவரும் ஒரே வேளையில் திறந்தால் கடைமடைக்கு ஈரமும் எட்டாது. பலர் பகிர்ந்துகொள்ளும் இணைய இணைப்பின் இயல்பும் இதுவே.

பாரத்நெட் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பணி மேற்கொள்ளப்பட்டது. இழை வந்தபின் அதைப் பகிர்வது நம் பொறுப்பாகும். ஊராட்சி அலுவலகமும் நூலகமும் பள்ளியும் வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள ஓர் இணைப்பைப் பகிர்வதாகக் கொள்வோம். காலையில் தனியே பயன்படுத்துபவருக்கு ஏறத்தாழ 100 மெகாபிட்டும் கிட்டும். மாலையில் 20 பேர் ஒரே நேரத்தில் படம் இறக்கினால் ஆளுக்கு 5 மெகாபிட்டே மிஞ்சும்.

வேகம் குறைவதோடு காத்திருப்பும் பெருகுகிறது. டென்மார்க் நாட்டு அறிஞர் எர்லாங் தொலைபேசி நிலையங்களின் நெரிசலை ஆராய்ந்து 1909-இல் கட்டுரை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த துறையின் எளிய கணக்கு ஒன்றைக் காண்போம். வெறுமையாய் உள்ள இணைப்பில் ஒரு வினாடியில் முடியும் வேலை, இணைப்பு பாதி நிறைந்திருக்கையில் சராசரி 2 வினாடி பிடிக்கும். நூற்றுக்கு 90 பங்கு நிறைந்தால் 10 வினாடி. 95 பங்கு நிறைந்தால் 20 வினாடி. எனவே நெரிசல் வேளையில் 5 பங்கு பளுவைக் குறைத்தாலே காத்திருப்புப் பாதியாகும்.

இதனால் நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? முதலாவது, வேகத்தை நண்பகலில் மட்டும் அளந்து மனநிறைவு கொள்ளலாகாது. இரவு 7 மணி முதல் 9 மணி வரையிலும் பல நாள் அளந்து குறித்துவைக்க வேண்டும். இரண்டாவது, ஒரே இழையை எத்தனை வீடுகள் பகிர்கின்றன என்பதை இணைப்புத் தருவோரிடம் கேட்டறிதல் வேண்டும். மூன்றாவது, படம் இறக்குதல், கணினிப் புதுப்பிப்பு முதலிய பெரும் பளுக்களை நள்ளிரவுக்கு மாற்றலாம். சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம் ஆகியவற்றுக்கு இணைப்பில் ஒரு பங்கை ஒதுக்கலாம். கடைசி நாள் மாலையில் ஓர் ஏழை மாணவியின் விண்ணப்பம் பாதியில் நின்றுவிட்டால், அவளுக்கு ஓராண்டே வீணாகக்கூடும் அன்றோ? இத்தனைக்குப் பின்னும் நெரிசல் தீராவிடில், கூடுதல் வேகத்துக்குப் பணம் செலவிடுவதே முறை.

1996-இல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட திரு. இளங்கோ, கிராம சபையில் மக்களைக் கூட்டி ஊர்ப்பணிகளைத் திட்டமிட்டமை பலரும் அறிந்தது. நீருக்கு முறை வகுத்த நம் ஊரார் இணையத்துக்கும் அவ்வாறே சபையில் கூடி முறை வகுப்பார்களாக!