டிஸ்க் இல்லாமலே ஓடும் கம்ப்யூட்டர்கள்!
ஒரு யந்திரம் இயங்கினால் முப்பதும் இயங்கும்

கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? "வெறும் பெட்டிதான். காயலான் கடைக்குப் போட வேண்டியதுதான்" என்று பலர் சொல்லுவார்கள். யந்திரத்தை எழுப்பி வேலை வாங்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த டிஸ்க்கில்தானே இருக்கிறது?

ஆனால் டிஸ்க்கே இல்லாத கம்ப்யூட்டர்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் பள்ளிக்கூடங்களும் அலுவலகங்களும் உலகில் பல உண்டு. அங்கே ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டரில் மட்டும் டிஸ்க் இருக்கும். அதற்கு 'சர்வர்' என்று பெயர். மற்ற யந்திரங்கள் தினமும் காலையில் தமக்கு வேண்டியதை ஒயர் வழியாக அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்கின்றன.

மெஸ்ஸில் முப்பது பேர் சாப்பிட முப்பது அடுப்பு எதற்கு? ஒரு சமையல்கட்டு போதும். அதே கணக்குதான் இது.

"எனக்கு விலாசம் கொடுங்கள்!"

டிஸ்க் இல்லாத யந்திரம் கண் விழிப்பது எப்படி?

அதன் நெட்ஒர்க் கார்டுக்குத் தொழிற்சாலையிலேயே 12 இலக்க அடையாள எண் ஒன்று கொடுத்துவிடுகிறார்கள். சுவிட்சைப் போட்டதும் யந்திரத்துக்குத் தெரிந்தது அந்த எண் ஒன்றுதான். சர்வர் எங்கே என்று அதற்குத் தெரியாது. எனவே ஒயரில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இந்த எண்ணுக்கு உரியவன் வந்திருக்கிறேன், விலாசம் கொடுங்கள்" என்று குரல் கொடுக்கிறது. சர்வர் ஒரு விலாசத்தைக் கொடுத்து, "இன்ன பைலை வாங்கிக்கொள்" என்றும் சொல்கிறது.

பைல் ஒரே மூட்டையாக வருவதில்லை. 512 பைட் கொண்ட சிறு சிறு துண்டுகளாக வருகிறது. ஒரு துண்டு கிடைத்ததாகக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த துண்டு புறப்படும். வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்பப்படும். டி.எப்.டி.பி. எனப்படும் இந்த முறைக்கு 1981-லும், விலாசம் கேட்கும் 'பூட்-பி' முறைக்கு 1985-லும் விதிகள் வெளியாயின. 1990-களின் கடைசியில் இண்டெல் கம்பெனி இவற்றை ஒழுங்குபடுத்தி, பி.எக்ஸ்.ஈ. என்ற பெயரில் பொதுவான ஏற்பாடாக்கியது.

இப்படி வந்து சேர்ந்த சிஸ்டம் யந்திரத்தின் மெமரியில் குடியேறுகிறது. பிறகு சர்வரில் உள்ள பைல்களைத் தன் சொந்த டிஸ்க்கில் இருப்பவை போலவே எடுத்துப் படிக்கிறது. சாயங்காலம் சுவிட்சை அணைத்தால் மெமரி சுத்தமாகக் காலி. மறுநாள் மீண்டும் முதலிலிருந்து!

மூடி முத்திரையிடாத சிஸ்டம்

முப்பது யந்திரத்துக்கும் தலைக்கு ஒரு லைசென்ஸ் வாங்குவது என்றால், சிறிய பள்ளிக்கூடத்துக்குக் கட்டுப்படியாகாது. இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கிறது. 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது அது. யாரும் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். லைசென்ஸ் காசு கிடையாது.

காசு மட்டுமே காரணம் அல்ல. டிஸ்க் இல்லாமல் எழ வேண்டுமானால், சிஸ்டம் தொடங்கும் முறையையே பிரித்து மாற்ற வேண்டும். மூடி முத்திரையிட்ட சிஸ்டத்தில் வெளியார் கை வைக்க முடியாது. லினக்ஸின் மூலப் பிரதி எல்லோர் பார்வைக்கும் திறந்து கிடக்கிறது. அதனால்தான் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் மெக்குவில்லன் 1999-ல் 'லினக்ஸ் டெர்மினல் சர்வர் பிராஜக்ட்' என்ற ஏற்பாட்டை வெளியிட முடிந்தது.

அதை வைத்து ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லண்ட் வட்டாரத்தில் பால் நெல்சன், எரிக் ஹாரிசன் என்ற இருவர் பள்ளிகளுக்கென்றே ஒரு தொகுப்பு தயாரித்தார்கள். மற்றவர்கள் ஒதுக்கிய பழைய யந்திரங்களும் வகுப்பறைக்கு உதவின. நார்வே நாட்டில் 2001-ல் தொடங்கிய 'ஸ்கோலெலினக்ஸ்' திட்டத்திலும் இந்த வசதி இடம்பெற்றது.

இரண்டு வகை

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வேலை முழுவதும் சர்வரிலேயே நடக்கும். எதிரில் இருப்பது திரையும் கீபோர்டும் மட்டும்தான். கிழட்டு யந்திரமும் இதற்குப் போதும். ஆனால் சர்வருக்கு மெமரி ஏராளமாக வேண்டும். இன்னொன்றில் சிஸ்டம் சர்வரிலிருந்து வந்தாலும், வேலையை அந்தந்த யந்திரமே செய்துகொள்ளும். வீடியோ பார்க்க இதுவே சிலாக்கியம்.

இரண்டிலும் ஒரு பெரிய சௌகரியம்: கோளாறு வந்தால் சர்வர் ஒன்றைச் சரிசெய்தால் போதும். முப்பது பெட்டியையும் திறந்து உட்கார வேண்டாம். ஒரு பெட்டி பழுதானால் பையன் பக்கத்துப் பெட்டிக்குப் போய்த் தன் பெயரைக் கொடுக்கலாம். அவன் எழுதிய பாடம் அப்படியே இருக்கும்.

"லிங்க் இல்லை"

ரயில் டிக்கெட் கவுண்டரில் "லிங்க் இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்களுக்கு இதன் மறுபக்கம் உடனே புரியும். சர்வர் படுத்தால் முப்பதும் படுத்துவிடும். ஆகையால் சர்வருக்கு யு.பி.எஸ். அவசியம். ஒரே விவரத்தை இரண்டு டிஸ்க்கில் எழுதி வைக்க வேண்டும். வேறொரு இடத்திலும் நகல் இருக்க வேண்டும். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டால் ஒயரில் நெரிசல் ஏற்படும். எனவே சர்வருக்குச் செல்லும் பாதையாவது வேகமானதாக இருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்தப் பழைய முறைகளில் பாஸ்வேர்ட் கேட்கும் வழக்கம் இல்லை. அதே ஒயரில் வேறு யாராவது போலி சர்வர் வைத்து முந்திப் பதில் சொன்னால், யந்திரம் அதையும் நம்பிவிடும். ஆகவே வெளியார் நுழைய முடியாத தனி நெட்ஒர்க்காக அமைப்பதே நல்லது. எல்லோருடைய பைல்களும் ஒரே இடத்தில் இருப்பதால், சர்வரைப் பார்த்துக்கொள்பவரும் நம்பிக்கையானவராக இருக்க வேண்டும்.

இரவுப் பள்ளிகளுக்கும் சங்க நூலகங்களுக்கும் பழைய கம்ப்யூட்டர்களை நன்கொடையாகத் தருபவர்கள் உண்டு. டிஸ்க் கெட்டிருக்கிறது என்பதற்காக அவற்றை வேண்டாம் என்று தள்ளத் தேவையில்லை. 32 பிட் பிராசசர் உள்ள மிகப் பழைய யந்திரங்களைப் பல லினக்ஸ் தொகுப்புகள் இப்போது ஏற்பதில்லை. அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் சர்வர் ஒன்று, பெட்டி இரண்டு என்று வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். பலன் தெரிந்த பிறகு மற்றவற்றைச் சேர்க்கலாம்.