கலைந்த படம், பூட்டிய படம் அல்ல

படங்களைப் பூட்டித் தருவதாகச் சொல்லும் ஆப்கள் நிறைய வந்துவிட்டன. பூட்டிய படத்தைச் சாவியில்லாமல் திறந்தால் வெறும் புள்ளிகளாகக் கலைந்து கிடக்கும். பார்த்ததும் நிம்மதி வரும். அந்த நிம்மதியை நம்பி ஆதாரையோ மருத்துவ ஸ்கேனையோ அனுப்பிவிடாதீர்கள்.

ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி வெளிச்சத்தைக் குறிக்கும் எண் ஒன்று. நுணுக்கங்களைக் குறிப்பவை 63. பூட்டும் ஆப் வேகத்துக்காகச் சராசரியை மட்டும் மறைத்தால், முகத்தின் விளிம்பும் எழுத்தின் கோடும் அப்படியே தெரியும். 64 எண்களின் மதிப்பையும் மறைத்தாலும் ஆபத்து தீராது. சுவர், வானம் போன்ற இடங்களில் பூஜ்யமல்லாத எண்கள் குறைவு. கண், தலைமுடி உள்ள கட்டங்களில் அதிகம். இந்த எண்ணிக்கை மறையாமல் இருந்தால், அதையே வெளிச்சமாக மாற்றிப் போட்டு உருவத்தைக் கோட்டோவியம்போல் எழுப்பிவிடலாம். சாவியே வேண்டாம்.

நல்ல பூட்டைத் தவறாகப் போட்டாலும் இதே கதிதான். 2020 ஏப்ரலில் கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள், ஜூம் செயலி ஏஇஎஸ் குறியாக்கத்தை இசிபி முறையில் பயன்படுத்தியதைக் கண்டறிந்தார்கள். அந்த முறையில் ஒரே மாதிரித் துண்டுகள் மறைத்த பிறகும் ஒரே மாதிரியே இருக்கும். அதனால் வடிவம் கசியும். ஜூம் பிறகு இந்தக் கசிவு இல்லாத ஜிசிஎம் முறைக்கு மாறியது.

ஆகவே ‘கோடிக்கணக்கான சாவிகள்’ என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். பூட்டுவதற்கு முந்தைய படமும் பிந்தைய படமும் எதிரியிடம் கிடைத்தாலும் தாக்குப்பிடிக்குமா என்பதே சோதனை. புள்ளிகளை இடம் மாற்றிக் குலுக்குவதோடு நின்றுவிடும் முறைகள் இதில் சுலபமாகத் தோற்கின்றன.

முக்கியமான படத்தை 7-ஜிப் போன்ற மென்பொருளில் ஏஇஎஸ்-256 கொண்டு முழுக் கோப்பாகவே பூட்டுங்கள். பாஸ்வேர்டை வேறு வழியில் சொல்லுங்கள். இ-ஆதார் பிடிஎஃப்பில் ஏற்கெனவே பூட்டு இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அதன் பாஸ்வேர்ட், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். உங்களைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதுமா என்று ஆதார் கேட்பவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அந்தரங்கப் படம் கசிந்தால் குற்றவாளி நீங்கள் அல்ல. சம்மதமின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுக்கும் உரிய குற்றம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் செய்யலாம். பணமும் பறிபோயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். புகார் பதிவாகும்வரை மிரட்டல் செய்தியையும் லிங்கையும் அழித்துவிட வேண்டாம்.