முன்சில்லில் எழும் 'கடக்' என்னும் ஓசை

குழந்தை அழும் விதத்தைக் கொண்டே அது பசியால் அழுகிறதா, வயிற்று வலியால் அழுகிறதா என்று தாய் அறிந்துகொள்கிறாள். பல ஆண்டுகள் ஒரே காரை ஓட்டி வருபவர்க்கும் அதன் ஓசைகள் அவ்வாறே பழகிப்போகின்றன. புதிதாக ஓர் ஓசை எழுந்தவுடன் அவர் மனம் துணுக்குறுகிறது. ஆயினும், அவ்வோசை எவ்விடத்திலிருந்து எழுகிறது என்று சொல்லப் புகுந்தால் காது நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். இதனை நாம் பணத்தைச் செலவிட்டே கற்றுக்கொண்டோம்.

எம்மிடம் இருப்பது ஒரு பழைய மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் அமைப்பில் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த இக்கார், பத்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. இலங்கை வீதிகளில் இன்றும் அதனைக் காணலாம். ஒரு பாடசாலை விடுமுறையின்போது, பிள்ளைகளுடன் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்ல ஏற்பாடு செய்திருந்தோம். புறப்படுவதற்கு இரு கிழமைகளுக்கு முன்னர், இடப்பக்க முன்சில்லின் அருகே 'கடக்' என்றோர் ஓசை கேட்கத் தொடங்கிற்று. வீதியிலே சிறு பள்ளம் வந்தால் போதும். இரும்பின்மேல் இரும்பு மோதுவது போல அது ஒலிக்கும்.

காரை ஒரு கராஜுக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்தவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஷொக் அப்சோபர் போய்விட்டது" என்றார். இரண்டையும் மாற்றினோம். பணம் போயிற்று, ஓசை மட்டும் போகவில்லை.

பின்னர் அயலவர் ஒருவரின் சொற்படி, வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். அவர் காரைத் தொடவே இல்லை. "தம்பி, எங்கே சத்தம் என்று நான் கேட்கவில்லை. எப்போது சத்தம் என்று சொல்லுங்கோ" என்றார். எமக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. "ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

அவர் கவனிக்கச் சொன்னவை நான்கு. மெதுவாகச் செல்லும்போது சிறு மேடு பள்ளங்களில் ஓசை எழுகிறதா? பிறேக்கை அழுத்தும்போதும், நின்ற கார் புறப்படும்போதும் ஒவ்வொரு தடவை ஒலிக்கிறதா? ஸ்ரியறிங்கை முழுவதும் திருப்பும்போது கேட்கிறதா? அல்லது சில்லு சுற்றும் வேகத்துக்கேற்ப இடைவிடாது கேட்கிறதா? பிறேக்கை அழுத்துகையில் வரும் ஓசை, கீழ்க்கையை முன்பின் அசையாது பிடித்திருக்கும் கம்பியின் றப்பர் புஷ்கள் தேய்ந்தமையைப் பெரும்பாலும் காட்டும். வேகத்தோடு சேர்ந்து வரும் ஓசையாயின், சில்லின் நட்டுகளையும் பெயரிங்கையும் முதலிற் பார்க்கவேண்டும். டிக்கியில் உருளும் ஜக்கும், சரியாக மூடாத பொனட்டும்கூட இவ்வாறு மனிதரை ஏமாற்றியதுண்டு.

மறுநாள் எமது விடையைக் கேட்டதும் அவர் வேலையைத் தொடங்கினார். சமதரையில் காரை நிறுத்தி, பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜக்கினால் உயர்த்தி, அதன் கீழே உறுதியான தாங்கிகளை வைத்தார். ஜக்கு ஒன்றையே நம்பிக் காரின் கீழே எவரும் தலையை நீட்டலாகாது என்பது அவருடைய முதற் கட்டளை.

பின்னர் சில்லின் மேற்புறத்தை ஒரு கையாலும் கீழ்ப்புறத்தை மறு கையாலும் பற்றி, உள்ளும் புறமுமாக அசைத்தார். சில்லு ஆடிற்று. எம்மைக் காருக்குள் ஏற்றிப் பிறேக்கை அழுத்தச் சொல்லி மறுபடியும் அசைத்தார். பிறேக்கை அழுத்தினால் சில்லும் அதனைத் தாங்கும் அச்சும் ஒன்றாக இறுகிவிடும். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் குறை பெயரிங்கில் உள்ளது. நிற்காவிட்டால் அதற்கும் அப்பாலுள்ள மூட்டுகளில் உள்ளது. எமது காரில் ஆட்டம் நிற்கவில்லை. அடுத்து, சில்லின் இரு பக்கங்களையும் பிடித்து இடமும் வலமுமாக அசைத்தார். அவ்வாறு ஆடினால் ஸ்ரியறிங் மூட்டுகளைச் சந்தேகிக்கவேண்டும். அவை உறுதியாகவே இருந்தன.

"கீழ்த் திருகு" என்றார் பெரியவர்.

மைனரின் முன்சில்லைத் தாங்கி நிற்பது ஓர் இரும்புத் தண்டு. மெக்கானிக்குகள் அதனைக் கிங்பின் என்பர். அதன் மேல் முனையும் கீழ் முனையும் திருகாணி போன்று புரி வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு மூட்டினுள் அமர்ந்திருக்கும். நாம் ஸ்ரியறிங்கைத் திருப்புந்தோறும் அத்தண்டு அப்புரிகளிலேயே சுழல்கிறது. முன்பக்கப் பாரம் முறுக்குக் கம்பி வழியாகவும் கீழ்க்கை வழியாகவும் கீழ் மூட்டிலேயே வந்து தங்குகிறது. அவ்விடத்தில் கிறீஸ் வற்றிவிட்டால், தூசியும் நீரும் புகுந்து புரிகளை அரித்துவிடும். கழற்றி எடுத்த தண்டைப் பெரியவர் எமது கையில் தந்தார். தடித்திருக்க வேண்டிய புரிகள் கத்தி விளிம்பு போல மெலிந்திருந்தன.

"இது முற்றாகத் தேய்ந்தால் தண்டு மூட்டிலிருந்து கழன்றுவிடும். சில்லு காரின் கீழே மடங்கிவிடும், பிறகு ஸ்ரியறிங்கும் கேளாது, பிறேக்கும் கேளாது" என்றார்.

நாம் ஒன்றும் பேசவில்லை. கம்பளையையும் புசல்லாவையையும் கடந்து இறம்பொடை வளைவுகளில் ஏறும் வீதி எமது கண்முன் வந்து நின்றது. பின்னாசனத்தில் பாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் தெரிந்தனர். புது ஷொக் அப்சோபர்களை நம்பி நாம் புறப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவும் துணிவு பிறக்கவில்லை.

இரு பக்கத்துத் தண்டுகளும் மூட்டுகளும் மாற்றப்பட்டன. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, சில்லை நிலத்திலிருந்து உயர்த்திப் பாரத்தை நீக்கியபின் கிறீஸ் ஏற்றவேண்டும் என்றும், பழைய கிறீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை ஏற்றவேண்டும் என்றும் பெரியவர் சொல்லித் தந்தார். அவ்வேலையை இப்போது எமது மூத்த மகனே செய்கிறான்.

புதிய கார் வைத்திருப்போரும் இதனைப் பழங்கதையென ஒதுக்கவேண்டியதில்லை. அக்கார்களில் திருகு மூட்டுக்குப் பதிலாகக் குண்டு மூட்டு உள்ளது. அது கழன்றாலும் விளைவு ஏறத்தாழ இதுவே. சிறு மேடுகளில் எழும் 'கடகட' ஓசை பலவற்றில் சமநிலைக் கம்பியின் இணைப்புகளால் வருவது. அது அத்துணை ஆபத்தானதன்று. நின்ற இடத்தில் ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது வரும் ஓசைக்கு, முன் ஷொக் அப்சோபரின் மேற்தாங்கி காரணமாகலாம். முன்சில்லுகளால் இழுக்கப்படும் காரில், முழுவதும் திருப்பி ஓட்டுகையில் 'டக் டக்' என்று கேட்டால் அச்சு மூட்டைப் பார்க்கவேண்டும். எதுவாயினும், கையால் அசைத்துச் சோதிக்கு முன்னர் எந்த உறுப்பையும் விலைக்கு வாங்கலாகாது.

நுவரெலியாப் பயணம் ஒரு கிழமை பிந்திற்று. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தனர். ஆனால் இறம்பொடை மலையில் ஏறியபோது முன்சில்லிலிருந்து ஓர் ஓசையும் எழவில்லை. பின்னாசனத்துப் பாட்டு மட்டுமே கேட்டது.