சின்ன ஓவனில் இரண்டு பேருக்கு மீன்

மீன் என்றாலே நம்மாட்களுக்கு இரண்டே வழிதான். ஒன்று குழம்பு, இல்லையென்றால் எண்ணெயில் பொரிப்பது. பொரித்த எண்ணெயைக் கொட்டவும் மனசு வராது, மறுநாள் அதில் அப்பளம் போடவும் முடியாது. வெளியே அறை எடுத்து இரண்டு பேராகத் தங்கிப் படிக்கும் நண்பர்களுக்கு, மேஜைமேல் வைக்கிற சின்ன ஓவன் நல்ல துணை. நான் சொல்வது ஓ.டி.ஜி. வகை, மைக்ரோவேவ் வேறு சங்கதி. (விடுதி நண்பர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும். வார்டனிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம்!)

முதலில் நம்ம எலக்ட்ரிகல் கணக்கு. 1200 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 5.2 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சின்ன பிளக்குக்கு அதுவே விளிம்பு. 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர். ஆகவே பெரிய பவர் பிளக்கில்தான் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிவிட்டுக் குளிக்கப் போகிற வேலை வேண்டவே வேண்டாம். கரண்ட் செலவு பயப்படும்படி இல்லை. 1200 வாட் 25 நிமிடம் தொடர்ந்து ஓடினாலும் அரை யூனிட்தான்.

பெரிய பேக்கரி அடுப்புக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இதில் சிவந்து எரியும் ராடு மீனுக்கு வெகு அருகில் இருக்கிறது. கதிர்வீச்சு வெப்பம் நேராக முகத்தில் அடிக்கும். தட்டை மேல்தட்டில் வைத்தால் மேலே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். நடுத்தட்டே சரி. தெர்மோஸ்டாட்டில் இருப்பது இரட்டை உலோகப் பட்டை. சூடேறினால் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். அது கொஞ்சம் முன்பின்னாகத்தான் வேலை செய்யும், திருகில் உள்ள எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 10 நிமிடம் முன்கூட்டியே சூடேற்றுங்கள். கதவை அடிக்கடி திறந்தால் அந்தச் சின்னப் பெட்டியில் சூடு நிற்காது.

இனி மீன். வஞ்சிரம் இரண்டு துண்டு, மொத்தம் 300 கிராம் போதும். கழுவியதும் துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். இதுதான் முக்கால்வாசி ரகசியம். மேலே தண்ணீர் இருக்கும்வரை வருகிற சூடெல்லாம் அதை ஆவியாக்கவே போகும். உள்ளுறை வெப்பம் என்று பரீட்சையில் எழுதினோமே, அதேதான். தண்ணீர் போகாமல் மீன் சிவக்காது. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, அரை எலுமிச்சை, இரண்டு ஸ்பூன் எண்ணெய் கலந்து தடவி 20 நிமிடம் ஊறட்டும். அதிகம் ஊறினால் புளிப்பே மீனை வேகவைத்தது போலாக்கிவிடும்.

நேரத்துக்கு ‘கனடா முறை’ என்று ஒன்று உண்டு: 230 டிகிரியில், தடிமன் ஓர் அங்குலத்துக்கு 10 நிமிடம். எடையைப் பார்க்கக் கூடாது, ஸ்கேலை எடுங்கள்! வாழையிலையிலோ ஃபாயிலிலோ பொதிந்தால் 5 நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். இலையோ ஃபாயிலோ ராடைத் தொடக் கூடாது. ஆட்டுக்கறி மாதிரி மீனை நெடுநேரம் விடுவதில் லாபமில்லை. அதன் இணைப்புத் திசு குறைவு, சீக்கிரம் இளகிவிடும், பிறகு சக்கைதான். தடித்த இடத்தில் முள்கரண்டியால் குத்தித் திருப்பினால் சதை கண்ணாடி மாதிரி இல்லாமல் வெள்ளையாக இதழ் இதழாகப் பிரிய வேண்டும். வெப்பமானி இருந்தால் உள்ளே 63 டிகிரி.

விலை மலிவு என்று மத்தி, கானாங்கெளுத்தி, சூரை வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவும். இவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், கிருமிகள் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். அதை எந்தச் சூடும் அழிக்காது. எவ்வளவு வேகவைத்தாலும், சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தடிப்பு, தலைவலி, வாந்தி வரலாம். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மோந்து பார்ப்பது மட்டும் போதாது, நல்ல வாசனையிலும் இது இருக்கும். ஆகவே காலையிலேயே, ஐஸ் போட்டு விற்பவரிடம் வாங்கி, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லையா? வாங்கிய கையோடு சமைத்துவிடுங்கள், ராத்திரிவரை வைத்திருக்க வேண்டாம்.

துணைக்கு ரசமும் சோறும் இருந்தால் ராஜ சாப்பாடு. சாப்பிட்ட பின் ஓவன் பிளக்கைக் கழற்றி, ஆறியதும் அடித்தட்டில் சொட்டிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். அடுத்த முறை புகைவது அதனால்தான்.